பதினெட்டு தாண்டியவர்கள்: வடசென்னையில் அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களோடு வேலை செய்ய வருபவருக்கு

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சிறப்புப் பள்ளிகளில் குழந்தைகளோடு பழகியவர்கள். பாட்டு, வண்ண அட்டை, கைதட்டல் எல்லாம் கைவசம் இருக்கும். ஆனால் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் வந்து திறப்பவர் மீசை நரைக்க ஆரம்பித்த முப்பத்தைந்து வயது ஆள். அவருக்குப் பின்னால் முழங்கால் வலியோடு அம்மா. "குழந்தை எங்கம்மா?" என்று கேட்டு வைக்காதீர்கள். சட்டம் தருகிற இலவசக் கல்வி 6 வயதிலிருந்து 18 வரைக்கும்தான். அதற்கப்புறம் பள்ளி வேன் வராது, டீச்சர் வரமாட்டார், பயிற்சிகளும் ஒவ்வொன்றாக நின்றுபோகும், அந்த ஆள் மட்டும் இன்னும் பல பத்து வருடம் அதே வீட்டில் இருப்பார். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

யாரைச் சொல்கிறோம் என்பதில் குழப்பம் வேண்டாம். பேசுவது, எண்ணுவது, புதியதைப் பிடித்துக்கொள்வது எல்லாம் சின்ன வயதிலிருந்தே மெதுவாக நடந்தவர்கள். சிலருக்கு டவுன் சிண்ட்ரோம் என்கிற பிறவி நிலை, சிலருக்குப் பிரசவத்தில் சிக்கல், சிலருக்கு மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சல், பலருக்குக் காரணமே தெரியாது. மனநோய் வேறு, அது பெரும்பாலும் வளர்ந்த பிறகு வரும், மருந்தில் தணியும். இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம் என்றாலும் ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடக் கூடாது. சான்றிதழுக்காகக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் "எம்புள்ள என்ன பைத்தியமா?" என்று வீடே கொதிப்பது இந்தக் குழப்பத்தால்தான். அங்கே ஐ.க்யூ. பரிசோதனையும் செய்கிறார்கள், அதற்குத்தான் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதலில் அவருடைய ஒரு நாளைக் கேளுங்கள்

ஃபைல், சான்றிதழ், ஐ.க்யூ. எண் எல்லாம் அப்புறம். காலையில் யார் எழுப்புவது, பல் தானே தேய்க்கிறாரா, டீ வாங்கி வருவது யார், பதினோரு மணிக்கு எங்கே உட்கார்ந்திருப்பார், வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போனால் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்களா, ராத்திரி எப்போது தூங்குவார். "ஒண்ணும் பண்ண மாட்டான்மா, சும்மா உக்காந்துனு இருப்பான்" என்றுதான் முதலில் பதில் வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட வேண்டாம். ஒரு காலை முழுக்கக் கூட இருந்து பாருங்கள்.

ஒன்றும் தெரியாதவர் என்று சொல்லப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. தண்ணி லாரி சத்தம் தெருமுனையில் கேட்டவுடனே இறங்கி, குடங்களை வரிசையில் வைப்பார். எது யாருடைய குடம் என்பது அதன் நிறத்திலும் கழுத்தில் கட்டிய துணியிலும் அவருக்கு அத்துப்படி. தோளில் ஒன்று இடுப்பில் ஒன்றாக மேலே கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் ஒரே ஒரு தட்டு. எண்ணத் தெரியாது, ஆனால் பத்து ரூபாயும் இருபது ரூபாயும் நிறத்தில் தெரியும். காசு தராமல் இழுத்தடிக்கிற வீட்டின் குடம் மறுநாள் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். இத்தனையும் பார்த்த பிறகு உங்கள் குறிப்பில் இரண்டு விஷயம் ஏற வேண்டும்: ஒன்று, இவருக்கு ஞாபகம், ஒழுங்கு, உடல் வலு, கணக்கு எல்லாம் தம் வழியில் இருக்கிறது, இரண்டு, பாதி வீடுகளில் கூலிக்குப் பதில் நேற்றைய சோற்றைக் கொடுத்து அனுப்புகிறார்கள், அதை யாரும் தப்பாகவே நினைப்பதில்லை.

இரண்டாவதைப் பேசுவது கஷ்டம். தெருவுக்கு நீங்கள் புதுசு. முதல் வாரமே சண்டைக்குப் போனால் அவர் வேலைதான் போகும். அம்மாவோடு பேசி, ஒரு குடத்துக்கு இவ்வளவு என்று எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி சொல்ல வைப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பேசுவது எப்படி

அவரிடம் முதலில் பேசுங்கள், அம்மாவிடம் அப்புறம். பதில் வராவிட்டாலும் சரி. தெருவே "டேய்" என்று கூப்பிடும் ஆளை நீங்கள் "அண்ணா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் முதலில் அவரே சிரிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. நாலு நாள் போனால் பழகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள், நமக்கு ரொம்ப நீளமாகத் தெரிகிற மௌனம் அவருக்கு யோசிக்கிற நேரம். எல்லாவற்றுக்கும் "ஆமா" சொல்பவர்கள் நிறைய, திட்டு வாங்கி வாங்கிப் பழகிய பழக்கம் அது. அதனால் "பகல்நேர மையத்துக்கு வரப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டு "ஆமா" வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து "வீட்டுலயே இருக்கலாமா?" என்று கேளுங்கள். அதற்கும் "ஆமா" என்றால் இரண்டுமே பதில் இல்லை. அப்போது பொருளைக் காட்ட வேண்டும்: இரண்டு சட்டை, இரண்டு போட்டோ, இரண்டு டிபன். கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது, அது பதில். நேரம் சொல்லும்போது "நாலு மணிக்கு" வேண்டாம், "டீ குடிச்ச அப்புறம்" என்று சொல்லுங்கள்.

அவர் முன்னாலேயே அவருடைய படுக்கை நனைவதைப் பற்றியும் ஃபிட்ஸ் பற்றியும் அம்மா உங்களிடம் சொல்ல ஆரம்பிப்பார். மெதுவாக வாசல் பக்கம் வந்து கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவரையும் சேர்த்துக்கொண்டு பேசுங்கள்.

உடம்பு: கோபம் என்று சொல்வது வலியாக இருக்கலாம்

"ரெண்டு நாளா முரண்டு பண்றான், தலையை சுவத்துல முட்டிக்கிறான்" என்று போன் வந்தால், அது அவர் புத்தி என்று முடிவு கட்டுவதற்கு முன் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். அப்புறம் காது. அப்புறம் மலம் கழித்து எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். வலி எங்கே என்று சொல்லத் தெரியாதவர்கள் வலியை நடத்தையில்தான் காட்டுவார்கள். மருத்துவமனையிலும் இதே கதைதான், "இவங்க அப்படித்தான்" என்று ஒரு தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிற டாக்டர்கள் உண்டு. நீங்கள் கூடப் போய் "வழக்கமா இப்படி இருக்க மாட்டார், ரெண்டு நாளா மாறியிருக்கார்" என்று ஒரு வாக்கியம் சொன்னாலே பரிசோதனை வேறு மாதிரி நடக்கும்.

ஃபிட்ஸ் இவர்களில் பலருக்கு உண்டு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் திரும்பி வரும், சில நேரம் நிற்காமல் வரும், அது உயிருக்கு ஆபத்து. நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பேறித்தனம் கிடையாது. மாத்திரை தீர்ந்த அன்று அம்மாவுக்கு வீட்டு வேலைக்கு லீவு கிடைக்கவில்லை, ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஓ.பி. வரிசையில் நிற்க ஆள் இல்லை, அவ்வளவுதான். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே ஞாபகப்படுத்துவது உங்கள் வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெனிட்டாயின் என்கிற ஃபிட்ஸ் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு தடித்து வளரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் என்றால் தைராய்டு பரிசோதனை விடாமல் நடக்க வேண்டும். நாற்பது தாண்டி மறதி, நடையில் தடுமாற்றம் தெரிந்தால் அது சீக்கிரமே வருகிற மறதி நோயாக இருக்கலாம்.

காகிதங்கள்

இங்கேதான் வீடுகள் உங்களை நம்ப ஆரம்பிக்கும். வேலை சலிப்பு, ஆனால் பலன் கையில் தெரியும்.

அடிப்படை, ஊனச் சான்றிதழும், நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி.யும். அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்த்துத் தரும் சான்றிதழை வைத்துத்தான் மற்ற எல்லாம். குழு எந்தக் கிழமை உட்காருகிறது என்று முதலிலேயே விசாரித்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள், கூட்டத்தில் மிரள்கிறவரை ஆட்டோவில் கூட்டிப்போய்த் திரும்ப அழைத்து வருவது குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி. பழைய அடையாள அட்டை மட்டும் வைத்திருப்பவர்கள் வடசென்னையில் இன்னும் நிறைய இருக்கிறார்கள், பெயரில் ஒரு எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகாமல் இருக்கும், அதை முதலில் சரிசெய்யுங்கள். கைரேகை விழாது என்பது இன்னொரு தொல்லை.

சதவீதத்தைப் புரிந்துகொள்வது முக்கியம். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் அறிவுசார் குறைபாடு லேசானது என்றால் 50, மிதமானது 75, கடுமையானது 90, மிகக் கடுமையானது 100. யூ.டி.ஐ.டி. அட்டை 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு 40 போதும். ஆனால் வருமான வரியில் அவரைப் பராமரிக்கிற குடும்பத்தினர் காட்டும் கழிவு 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் 1,25,000. மிதமான குறைபாடு 75-லேயே நின்றுவிடுவதால் பெரிய கழிவு கிடைக்காது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கழிவு. வரி கட்டுகிற குடும்பம் நம் பக்கம் குறைவு, இருந்தாலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்க்கும் அண்ணன் அக்காக்கள் கேட்பார்கள்.

மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக விண்ணப்பம், பணம் வங்கிக் கணக்குக்கு வரும். உயிரோடு இருக்கிறார் என்கிற சான்று கேட்கும்போது கொடுக்காமல் விட்டால் சத்தமில்லாமல் நின்றுவிடும். தாய்மாருக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் தரும் திட்டமும் உண்டு. மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021 முதல் அவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. ரயிலில் துணையோடு பயணம் செய்தால் இருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை, மருத்துவமனையில் படுக்காமல் பார்க்கும் வைத்தியத்துக்கும் தெரபிக்கும்கூடச் செல்லும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தது பலருக்கும் தெரியாதது, பெரம்பூர், ஐ.சி.எஃப்., ராயபுரம் பக்கத்து வீடுகளில் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது: அப்பா எங்கே வேலை பார்த்தார்? ரயில்வே, துறைமுகம், அரசு வேலை என்றால், அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு, தானாகச் சம்பாதிக்க முடியாத மகனுக்கோ மகளுக்கோ குடும்ப ஓய்வூதியம் வர வழி இருக்கிறது. மத்திய அரசு விதியில் அது வாழ்நாள் முழுக்க. அப்பா உயிரோடு இருக்கும்போதே மருத்துவச் சான்றிதழ் கொடுத்து ஓய்வூதிய ஆணையில் பெயர் ஏற்றிவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம். தனியார் கம்பெனியில் பி.எஃப். கட்டியவர் என்றாலும் விடாதீர்கள், 1995 ஓய்வூதியத் திட்டத்திலும் நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பு கிடையாது. மாதம் 2,000-க்காக நாலு முறை அலைகிற குடும்பம், டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பென்ஷன் புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்காது.

பாதுகாவலர் விஷயம்

18 முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் அவர் பெரியவர். அம்மா அம்மாதான், ஆனால் தானாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடமாட்டார். வங்கியில் போய் நிற்கும்போதுதான் இது வீட்டுக்குத் தெரிய வரும். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு இருக்கிறது, விண்ணப்பித்தால் பாதுகாவலரை நியமிக்கும். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கும் இது பொருந்தும். சென்னை ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷன் பக்கம், நமக்குக் கிட்டத்தில்தான். நியமனம் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருடா வருடம் கணக்கும் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் சில சித்தப்பாக்களின் ஆர்வம் குறைந்துவிடும், அதுவும் நல்லதுதான்.

எல்லோருக்கும் இது வேண்டுமா? என் கருத்தில், வேண்டாம். லேசான குறைபாடு உள்ளவருக்கு வங்கியில் கூட்டுக் கணக்கும், கூட உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஒருவரும் இருந்தால் போதுமான வேலை நடக்கும். 2016 சட்டத்தின் 14-ஆவது பிரிவு, குறிப்பிட்ட காரியத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலரைத்தான் பேசுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவும் மறக்காதீர்கள். மனநிலை சரியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தவர்களைத்தான் சட்டம் விலக்குகிறது, ஐ.க்யூ. குறைவு என்பதற்காக ஓட்டு போய்விடாது.

பெண்கள்

புதியவர்கள் தடுமாறுகிற இடம். ஒரு நாள் ஒரு அம்மா குரலைத் தாழ்த்தி, "இவளுக்கு மாசாமாசம் ரொம்ப கஷ்டமா இருக்கு, கர்ப்பப்பையை எடுத்துடலாமான்னு பாக்குறோம்" என்பார். அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் சுமந்து, ஒரே அறையில் ஆறு பேரோடு இருந்து, வளர்ந்த மகளுக்கு நாப்கின் மாற்றிவிடுகிற அம்மாவின் களைப்பு அது. இன்னொரு பயமும் அதில் ஒளிந்திருக்கும்: யாராவது ஏதாவது செய்துவிட்டால்? கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் வராது, ஆனால் தொடுகிறவன் தொடத்தான் செய்வான் என்பதை அந்த அம்மாவிடம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சட்டத்தையும் சொல்ல வேண்டும்: மாற்றுத்திறனாளி எவருக்கும், அவர் விளங்கிக்கொண்டு தரும் சம்மதம் இல்லாமல் கருவுறாமல் ஆக்கும் சிகிச்சை செய்யக் கூடாது என்று 2016 சட்டத்தின் 10-ஆவது பிரிவு சொல்கிறது. லேசான குறைபாடுள்ள ஒரு பெண்ணின் கருவை அவர் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே ஒரு சண்டிகர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

சட்டம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டால் அம்மாவின் கஷ்டம் அப்படியே இருக்கும். நாப்கின் மாற்றக் கற்றுக்கொடுப்பது முடிகிற காரியம். பொம்மையில் வேண்டாம், உள்ளாடையை விரித்து, சிவப்புச் சாயம் தொட்டு, ஒவ்வொரு படியாக, தினமும் அதே வரிசையில், மாதவிடாய் இல்லாத நாட்களிலும். மாதங்கள் ஆகும். குளிக்கும் இடத்துக்கு ஒரு திரை. உடம்பின் பாகங்களுக்குப் பெயர், "வேணாம்" என்று கத்தப் பழக்கம், யார் தொடலாம் யார் தொடக் கூடாது. ஆண்களுக்கும் இதே பாடம் வேண்டும், அவர்களுக்கும் நடக்கிறது.

ஏதாவது நடந்துவிட்டது என்று தெரிந்தால் அந்தத் துணியைத் துவைக்க விடாதீர்கள், நீங்களே துருவித் துருவிக் கேட்காதீர்கள். வாக்குமூலத்தைப் பெண் போலீஸ் அதிகாரி அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, சிறப்புக் கல்வியாளரையோ பேச்சை விளக்குபவரையோ கூட வைத்துக்கொண்டு, வீடியோவில் பதிய வேண்டும் என்பது சட்டம். ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் இதைச் சொல்லலாம்.

காதல், கல்யாணம் பற்றியும் கேட்பார்கள். சிரித்து மழுப்பாதீர்கள்.

பகல் பொழுது

மையம் என்றால் மெழுகுவத்தி, காகித உறை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. விற்காத மெழுகுவத்தியைச் செய்துகொண்டே இருப்பதைவிட, தெருவில் ஏற்கெனவே இருக்கிற வேலையில் ஒரு துண்டைப் பிரித்துத் தருவது மேல். காசிமேட்டில் ஐஸ் பெட்டி கழுவுவது, டிபன் கடையில் வாழை இலை நறுக்கி அடுக்குவது, எம்.சி. ரோடு துணிக்கடையில் சட்டை மடித்து வைப்பது. முதலாளியிடம் பேசி, நீங்கள் கூட நின்று கற்றுக்கொடுத்து, மெல்ல விலகிக்கொள்ள வேண்டும். கூலி முதல் நாளே பேசிவிடுங்கள், பணமாக. வேலைக்குப் போகும் வழியும் ஒரு பாடம்: எந்த பஸ், எங்கே இறங்குவது, ரோடு கடப்பது, மெட்ரோவில் நகரும் படியில் கால் வைப்பது. வழி தவறிப்போனால் காட்ட, போன் நம்பர் எழுதிய அட்டை சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

வேலைக்குப் போக முடியாதவர்களுக்குப் பகல்நேர மையம் வேண்டும். கோட்டூர்புரம் வித்யாசாகர், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் என்று பெயர் தெரிந்த இடங்கள் பல தெற்கே இருக்கின்றன. திருவொற்றியூரிலிருந்து முட்டுக்காடு போய்வர ஒரு பகல் போய்விடும். அதனால் பக்கத்தில் எது இருக்கிறது, யாரை எடுக்கிறார்கள், டாய்லெட் உதவி தேவைப்படுகிறவரையும் சேர்ப்பார்களா என்று நேரில் போய்ப் பார்த்து ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

"எனக்கப்புறம் யாரு?"

எல்லா அம்மாக்களும் கேட்பார்கள், பெரும்பாலும் நீங்கள் கிளம்பும் நேரத்தில். உடனே ஹோம் பெயர் சொல்லாதீர்கள். தேசிய அறக்கட்டளையின் கரௌந்தா திட்டம் மாதிரியான குழு இல்லங்களும், அரசு நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களும் உண்டு, இடம் குறைவு. அக்கா, தம்பி, அத்தை என்று சொந்தத்தில் யாரிடம் அவர் ஒட்டுகிறார் என்று பாருங்கள். அம்மா தெம்பாக இருக்கும்போதே மாதம் இரண்டு ராத்திரி அங்கே தங்கவிடுங்கள். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்த அன்று முதல்முறையாக வேறு வீட்டில் தூங்க வைத்தால் அது அவருக்குத் தாங்காது.

தங்கப் போகும் வீட்டுக்கு ஒரு நோட்டு கூடப் போக வேண்டும். மாத்திரை பெயர், நேரம், எந்த மாத்திரையைச் சோற்றில் மறைத்துத் தந்தால் கண்டுபிடித்துத் துப்புவார். ஃபிட்ஸ் வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும். எதற்குப் பயம், மிக்சி சத்தமா, பல்லியா. தூங்க எந்தப் பக்கம் வேண்டும். "ம்" என்றால் பசி, "ம்ம்" என்றால் பாத்ரூம். அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தட்டும். இந்த வேலையில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள், நீங்களும் ஒரு நாள் வேறு வேலைக்குப் போவீர்கள். அப்போது உங்கள் இடத்துக்கு வருபவருக்கும் இந்த நோட்டின் ஒரு நகல் வேண்டும். போவதை அவரிடம் ஒரு மாதம் முன்னாலேயே, காலண்டரில் தேதியைக் காட்டிச் சொல்லிவிடுங்கள், கடைசி இரண்டு வாரம் புது ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.